யுன்சுல் குடியிருப்பில் நடுக்கம் கிடையாது

தோ கில்மான் ஓய்வுபெற்ற மொழி வாத்தியார். முப்பத்தோரு வருஷம் பையன்களுக்குக் கொரிய இலக்கணம் புகட்டிவிட்டு, இப்போது குன்சான் நகரத்தில் யுன்சுல் குடியிருப்பின் மூன்றாம் கட்டடம் ஆறாம் மாடியில் உட்கார்ந்துகொண்டு, கடைப் பலகைகளில் எழுத்துப்பிழை பிடித்துக் காலம் தள்ளிவந்தார். அந்தத் தெருவில் அவர் பிழை சொல்லாத பலகை கிடையாது. அவர் சொல்லி மாற்றப்பட்ட பலகையும் கிடையாது. அவர் தலை தெரிந்தாலே கோழி வறுக்கிறவன் எண்ணெய்ச் சட்டிப் பக்கம் திரும்பிக்கொள்வான்.

மனைவி சொங் ஓக்பூன் மீன் மார்க்கெட்டில் இருபத்தெட்டு வருஷம் நாக்குமீன் விற்றவள். அவள் பேச்சில் இலக்கணம் இருக்காது, ஆனால் குறி தப்பாது.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறே முக்கால் மணிக்கு, சாப்பாட்டு மேஜையில் இருந்த கிம்ச்சி டப்பா மூடிகள் தானாகக் கடகடவென்று பேச ஆரம்பித்தன. சூப்பில் வட்டம் வட்டமாக அலை எழும்பியது. கால் நிமிஷம் இருக்கும். பிறகு அடங்கிவிட்டது.

"வீடு நடுங்குது," என்றாள் ஓக்பூன்.

"நடுங்கறதுங்கிறது உயிருள்ளதுக்குச் சொல்றது. வீடு அதிரும்," என்றார் கில்மான், சூப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சரி வாத்தியாரே, அதிரட்டும். அதிர்ந்து விழுந்தா சாகப்போறது மட்டும் உயிருள்ளதுங்கதானே?"

மறுநாளும் அதே நேரம். அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு இன்னொரு தடவை. குடியிருப்பின் போன் குழுவில் ஆளாளுக்கு எழுதித் தள்ளினார்கள். ஒருத்தி பூகம்பம் என்றாள். வானிலைக்காரர்களைக் கேட்டால் பூகம்பமும் இல்லை ஒன்றும் இல்லை என்றார்கள். ஒருவர் பக்கத்தில் பாலம் கட்டுகிற வேலை என்றார். பாலம் அங்கிருந்து நாலு கிலோமீட்டர். மூன்றாம் கட்டடம் மட்டும்தான் ஆடியது, அதுவும் எல்லோரும் குளிக்கிற நேரம் பார்த்து ஆடியது என்பதை ஒரே ஒரு ஆள்தான் கவனித்தார். அவர் கேட் வாட்ச்மேன் பாங் சாங்குன். அறுபத்தெட்டு வயது. மீன்பிடிக் கப்பலில் இயந்திர அறையில் வேலை பார்த்தே காது பாதி போனவர். ஆனால் காலுக்குக் கேட்கும். தரையில் செருப்பில்லாமல் நின்றால் எந்த இயந்திரம் எங்கே இருமுகிறது என்று சொல்லிவிடுவார். கேட் ஏட்டில் அவர் ஒவ்வொன்றையும் தேதி போட்டு எழுதிவைத்தார்: காலை 6.42, மூன்றாம் கட்டடம், தொல்லிம்.

தொல்லிம் என்றால் அவர்கள் பாஷையில் நடுக்கம்.

*

பத்தாம் நாள் குடியிருப்புச் சங்கம் கூடியது. தலைவி மியோங் ஹேரான், பல் டாக்டர் பெண்டாட்டி. வாய் நிறையப் பல் தெரியச் சிரிப்பார், அது கணவருக்கு விளம்பரம். அவர் எழுந்து நின்று சொன்னதன் சாரம் இது: அடுத்த வசந்தத்தில் பாலம் திறக்கப்போகிறது. பாலம் திறந்தால் நம் வீடுகளின் விலை எங்கேயோ போகும். அதுவரை 'தொல்லிம்' என்ற சொல் இந்தக் கேட்டைத் தாண்டக் கூடாது.

"சொல்லை நிறுத்தறதுக்குப் பதிலா ஆட்டத்தை நிறுத்தலாமே தலைவியம்மா," என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"நிறுத்தலாம். ஆள் கூப்பிட்டா பழுதுன்னு பதிவேட்டுல ஏறும். பதிவேட்டை நாளைக்கு வீடு வாங்க வர்றவன் போன்லயே பாப்பான். உங்க வீட்டை அடிமாட்டு விலைக்குக் கேப்பான். பரவாயில்லையா?"

பின்வரிசை விரல்விட்டுத் தன் வீட்டு விலையைக் கணக்குப் போட்டது.

"ஆனா பேசாம இருக்கச் சொன்னா யாரும் இருக்கமாட்டீங்க. அதனால வேற சொல் வேணும். கேட்டா நல்லா இருக்கணும்." தலைவி திரும்பினார். அத்தனை பல்லும் தெரிந்தது. "நம்ம கட்டடத்துலயே ஒரு அறிஞர் இருக்கார். வாத்தியாரய்யா, நீங்கதான் ஒரு வழி சொல்லணும்."

கில்மானுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வேலையை விட்டு வந்து ஒன்பது வருஷத்தில் அவரை யாரும் ஒன்றும் கேட்டதில்லை. எழுந்தார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். சொல் கேட்டவர்களுக்குப் பாடமே எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

"தொல்தா! நடுங்கு, உதறு. சாதாரண வினைச்சொல்லுன்னு நினைச்சுடாதீங்க. குளிர்ல உடம்பு செய்யறதும் தொல்தாதான். சிகரெட் சாம்பலைத் தட்டறதும் தொல்தாதான். இதோடயும் விடலை நம்ம முன்னோர். வம்பை 'உதறு'றோம்னா வம்பளக்கறோம். பெருமையை உதறுனா பீத்திக்கறோம். வலியை உதறுனா, ஊசி குத்தறதுக்கு முந்தியே ஐயோ அம்மாங்கறோம். அடக்கத்தை உதறுனா என்ன அர்த்தம்? அடக்கமே இல்லாதவ அடக்கமா நடிக்கறான்னு அர்த்தம். ஆக, மனுஷன் பண்ற அத்தனை பாசாங்குக்கும் நம்ம பாஷை இந்த ஒரு சொல்லைத்தான்…"

"மார்க்கெட்டுல ஒண்ணு விட்டுட்டீங்க," என்றாள் ஓக்பூன், ஜன்னலோரத்திலிருந்து. "கடை கட்டற நேரத்துல மிச்சம் மீதியை வந்த விலைக்குத் தள்ளுவோமே, அதுவும் அந்தச் சொல்லுதான். 'தொரி, தொரி'ன்னு கத்துவேன். நாறிப்போன மீனைத் தலைல கட்டற சொல்லு. இங்க அதுதான் பொருத்தம்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைவி மட்டும் சிரிக்கவில்லை. மூன்று நாள் அவகாசம் கொடுத்துக் கூட்டத்தை முடித்தார்.

அந்த மூன்று நாளும் கில்மான் அகராதியை விட்டு எழவில்லை. சொல் கிடைக்கக் கிடைக்கத் தலைவிக்குப் போன் செய்தார்.

"அசைவு?"

"வீட்டை அசையாச் சொத்துன்னுதானே பத்திரத்துல எழுதியிருக்கு? அசைஞ்சா என்னய்யா சொத்து?"

"ஊசலாட்டம்?"

"உயிர் ஊசலாடற மாதிரி இருக்கு."

"அதிர்வு?"

"அதைக் கேட்டாலே எனக்கு அதிர்ச்சி."

மூன்றாம் நாள் சாயங்காலம் ஏழு மணி ஆட்டத்தில் அலமாரியிலிருந்து அகராதியின் இரண்டாம் பாகம் அவர் முழங்காலில் விழுந்தது. வலியில் உயிர் போனது. ஆனால் விரிந்து கிடந்த பக்கத்தில் அவர் விரல் போய் நின்றது. சொல்லெம். பெண் பார்க்கப் போகிறவனுக்கு நெஞ்சுக்குள் வருமே, சுற்றுலாவுக்கு முந்தின நாள் பிள்ளைகளுக்குத் தூக்கம் வராமல் வருமே, அந்தக் குறுகுறுப்பு. தொல்லிம், சொல்லெம். ஓசையும் ஒட்டுகிறது, ஆனால் இது தேன்.

தமிழ்க் காதில் அந்தச் சொல் 'சொல்லோம்' என்று விழும். விழுந்தால் விழட்டும். அங்கே நடந்ததும் அதுதான்.

*

மறுநாளே லிஃப்டில் அறிவிப்பு ஒட்டினார்கள். 'அவ்வப்போது ஏற்படும் இனிய உணர்வைக் குடியிருப்போர் இனி சொல்லெம் என்றே குறிப்பிடவும். வெளியாரிடமும், பிள்ளைகளிடமும், போன் குழுவிலும் இது பொருந்தும்.' கீழே சிறிய எழுத்தில், 'சொல் உதவி: திரு. தோ கில்மான்.' கில்மான் அன்று லிஃப்டில் ஏழு தடவை ஏறி இறங்கினார். ஆறாம் மாடிக்காரர், பதினைந்தாம் மாடியிலும் ஒரு வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டார்.

ஜனங்கள் பழகிக்கொண்டார்கள். கண்ணாடிப் பாத்திரம் உடைந்தவள், "இன்னிக்குக் காலைல வந்த சொல்லெம்ல என் மாமியார் கொடுத்த பூச்சாடி போச்சுடி," என்றாள். எதிர்வீட்டுக்காரி, "எங்க வீட்டுச் சொல்லெம்ல குளியலறை ஓடே பேந்துபோச்சு," என்றாள். இரண்டு பேரும் முகம் மலர்ந்தே சொன்னார்கள், ஏனென்றால் நடையில் வீட்டுத் தரகர் நின்றுகொண்டிருந்தார்.

சொல் மாறாத இடம் ஒன்றே ஒன்று. கேட் ஏடு.

ஏப்ரல் கடைசியில் தலைவி கில்மானை அழைத்துக்கொண்டு வாட்ச்மேன் கூண்டுக்குப் போனார். பாங் எழுந்து குனிந்து வணங்கினார். குடியிருப்புக்காரர் யார் வந்தாலும் எழ வேண்டும் என்பது அங்கே விதி. பாங்குக்கு இடுப்பு வலி என்பது விதியில் இல்லை.

"என்ன வாட்ச்மேன் இது? நாப்பத்தியொரு இடத்துல தொல்லிம் தொல்லிம்னு எழுதிவச்சிருக்கீங்க. லிஃப்டுல ஒட்டினது கண்ணுல படலையா?"

"பட்டுச்சுங்கம்மா. எனக்கு லிஃப்டுல ஏற அனுமதி இல்லீங்களே, குப்பை எடுக்கப் போறப்ப எட்டிப் பாத்தேன்." பாங் கில்மான் பக்கம் திரும்பினார். "வாத்தியாரய்யா, நீங்களாச்சும் கேளுங்க. உங்க கட்டடத்துக்கு அடியில தண்ணி ஏத்தற மோட்டார் இருக்கு. அதைத் தரையோட பிடிச்சு வச்சிருக்கறது நாலு போல்ட்டு. அதுல ரெண்டு கழண்டுபோச்சு. எல்லாரும் குழாயைத் திறக்கறப்ப மோட்டார் ஓடுது, ஓடறப்ப ஆடுது. அரை நாள் வேலைய்யா. விட்டா மிச்ச ரெண்டும் போயிடும்."

"அது உங்க வேலையா?" என்றார் தலைவி.

"இல்லீங்கம்மா."

"எழுதறதுதானே உங்க வேலை? சரியா எழுதுங்க. ஐயா கூட இருந்து திருத்திக் கொடுப்பார்."

கில்மான் பாங்கின் நாற்காலியில் உட்கார்ந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். நாற்பத்தொரு இடத்தில் 'தொல்லிம்' என்பதை அடித்து, மேலே 'சொல்லெம்' என்று எழுதினார். பாங் பக்கத்தில் நின்றார். முப்பதாவது வரியை அடிக்கும்போது தன் வேலை நேர்த்தியாக இருப்பதாகக்கூடக் கில்மானுக்குத் தோன்றியது. கையெழுத்து அப்படி.

"சொல்லை மாத்திட்டீங்கய்யா," என்றார் பாங், கடைசியில். குரலில் கோபம் இல்லை. "போல்ட்டுக்குப் படிக்கத் தெரியாதே."

மே மாதத்தோடு பாங்கின் மூன்று மாத ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. காரணம், மொழிப் பயன்பாட்டில் ஒத்துழையாமை. அந்த வாக்கியத்தை யார் எழுதிக்கொடுத்தது என்று ஓக்பூன் கேட்டாள். கில்மான் அதில் ஒரு வேற்றுமை உருபைத்தான் திருத்தியிருந்தார். திருத்தாமல் விட அவரால் முடியவில்லை.

*

ஜூன் மாதம் நகராட்சியிலிருந்து வருடாந்திரக் கட்டடச் சோதனைக்கு ஆள் வந்தார். அதற்கு முந்தின நாள் லிஃப்டில் இன்னொரு தாள். 'நாளை காலை பத்து முதல் பன்னிரண்டு வரை மூன்றாம் கட்டடத்தில் யாரும் குழாயைத் திறக்க வேண்டாம். நீர் சிக்கனம் நம் கடமை.'

கில்மான் அதைப் படித்தார். வழக்கம்போலப் பிழை தேடினார். பிழை ஒன்றும் இல்லை. இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் உறைத்தது. அப்படியானால் தலைவிக்கு எல்லாம் தெரியும். பாங் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை என்று தெரியும். தெரிந்தேதான் அந்த மனுஷனைக் கழற்றிவிட்டிருக்கிறாள். உறைத்ததே தவிர, மறுநாள் பத்து மணிக்குக் கோட்டு போட்டுக்கொண்டு அதே கட்டடத்தில் இருந்த சங்க அறைக்குப் போய் மேஜைமுன் முதல் ஆளாக உட்காரவும் தவறவில்லை.

சோதனைக்காரர் முப்பது வயதுக்காரர், கண்ணாடி போட்டவர், காகிதக் கட்டோடு வந்திருந்தார். மேஜையைச் சுற்றிச் சங்கத்து ஆட்கள் எட்டுப் பேர். எல்லோர் முன்னாலும் பார்லித் தேநீர்.

"விரிசல்?"

"இல்லை."

"கசிவு?"

"இல்லை."

"நடுக்கம், ஆட்டம்?"

"இங்க நடுக்கமே கிடையாது," என்றார்கள் எட்டுப் பேரும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரே மூச்சில்.

அப்போதுதான் தேநீர்க் கோப்பைகள் தட்டில் தாளம் போட ஆரம்பித்தன. முதலில் மெல்ல. பிறகு சுவரில் மாட்டியிருந்த தலைவியின் படம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சோதனைக்காரர் பேனாவை நிறுத்தினார்.

"இது என்ன?"

ஏழு ஜோடிக் கண்கள் கில்மானைப் பார்த்தன. அவர் வாய் திறந்தது. "அது… சொல்லெம்."

"என்னது?"

"மனசு சம்பந்தப்பட்ட ஒரு…"

"காலாட்டறது!" என்றார் தலைவி. "நம்ம கு ஐயாதான் காலாட்டறார். எத்தனை தடவை சொல்றது, கு ஐயா? காலாட்டினா வீட்டுல இருக்கற அதிர்ஷ்டம் போயிடும்னு!"

மேஜைக் கோடியில் உட்கார்ந்திருந்த கு ஐயா நூற்றுப்பத்துக் கிலோ. பாவம், அதுவரை அசையாமல்தான் இருந்தார். தலைவியின் பார்வை பட்டதும் அவர் வலது முழங்கால் வேலையை ஆரம்பித்தது. அது மட்டும் போதாது போலிருந்தது, ஏனென்றால் ஜன்னலும் அதிர்ந்துகொண்டிருந்தது. பக்கத்திலிருந்த அம்மாள், "எனக்கும் அந்தக் கெட்ட பழக்கம் உண்டு," என்று ஆட்ட ஆரம்பித்தாள். அடுத்தவர் ஆட்டினார். அதற்கடுத்தவர். மேஜையைச் சுற்றி வயதுவந்த ஏழு பேர், முகத்தில் புன்னகையோடு, உட்கார்ந்த இடத்திலேயே ஓட்டப்பந்தயம் ஓடினார்கள்.

கில்மான் வகுப்பில் காலாட்டிய பையன்களின் முழங்காலில் மர அளவுகோலால் அடித்தவர். முப்பத்தோரு வருஷம் அடித்தவர். தலைவி அவரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். எட்டாவது ஜோடிக் காலும் ஆட ஆரம்பித்தது.

சோதனைக்காரர் கொஞ்ச நேரம் அவர்களைப் பார்த்தார். பிறகு 'குறைபாடு ஒன்றும் இல்லை' என்று எழுதி முத்திரை குத்திவிட்டு, தேநீரைத் தொடாமல் எழுந்து போனார்.

வீட்டுக்கு வந்தால் சமையலறைக் குழாய், குளியலறைக் குழாய், தொட்டிக் குழாய் மூன்றும் முழுசாகத் திறந்து ஓடிக்கொண்டிருந்தன. துவைக்கிற இயந்திரமும் சுற்றியது. ஓக்பூன் நடுவில் உட்கார்ந்து மூன்று நாக்குமீனைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீதானா?"

"மீன் கழுவத் தண்ணி வேணாமா? என்னாச்சு அங்க? கண்டுபிடிச்சானா?"

"இல்லை."

"அவ்வளவு ஆடுச்சே! என்ன சொன்னீங்க?"

கில்மான் கோட்டைக் கழற்றி மாட்டினார். "காலாட்டினோம்."

அவள் கை நின்றுபோனது. அவரை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். அவளோ குழாய்களை ஒவ்வொன்றாக மூடினாள். "சாப்பிட வாங்க," என்றாள். அவ்வளவுதான்.

*

அறுவடைத் திருநாள் அன்று காலை எட்டு மணிக்கு மிச்சமிருந்த இரண்டு போல்ட்டும் போயின. ஊர் முழுக்கப் பிள்ளைகுட்டியோடு வந்து இறங்கியிருந்த நேரம். படையலுக்குச் சோறு வேக வேண்டும், பேரன் பேத்திகள் குளிக்க வேண்டும். அத்தனை குழாயும் திறந்திருந்தபோது கீழே இடி மாதிரி ஒரு சத்தம். பிறகு மயான அமைதி. பிறகு குழாயெல்லாம் ஏப்பம் விட்டுவிட்டு நின்றன.

தொண்ணூறு வீடு, சொட்டுத் தண்ணீர் இல்லை. பத்து மணிக்குள் கழிப்பறைகள் பேச ஆரம்பித்துவிட்டன. சம்பந்தம் பேச வந்த விருந்தாளிகளைத் தலைவி, பதினான்கு மாடி இறக்கிப் பக்கத்து பெட்ரோல் பங்க்குக்கு அழைத்துப்போனதை ஊரே பார்த்தது. பழுது பார்க்கிற கடைகள் எல்லாம் திருநாளுக்கு மூடியிருந்தன.

ஓக்பூன்தான் பாங்குக்குப் போன் செய்தாள். "பாங் அண்ணே, நல்ல நாள்ல தொந்தரவு பண்றேன்." அவர் இப்போது நாலு தெரு தள்ளி வேறொரு குடியிருப்பில் வாட்ச்மேன். சாப்பாட்டு இடைவேளையில் வந்தார். கீழே இறங்கிப் பார்த்துவிட்டு ஐந்தே நிமிஷத்தில் மேலே வந்தார். வாசலில் தலைவி, கில்மான், கு ஐயா, பிளாஸ்டிக் வாளியோடு ஐம்பது பேர்.

"மோட்டார் ரெண்டடி நடந்து போயிருக்கு. குழாயைப் பிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. நாலு நாளாகும்."

"நீங்க கொஞ்சம் பாத்துச் செய்யக் கூடாதா, வாட்ச்மேன்? பழைய பழக்கம்…" என்றார் தலைவி, பல்லெல்லாம் காட்டி.

"என்னைத்தான் துணியில ஒட்டின தூசி மாதிரி உதறிட்டீங்களேம்மா." பாங் இதையும் மரியாதையாகத்தான் சொன்னார். ஒரு துண்டுத் தாளில் மெக்கானிக்கின் நம்பரை எழுதி ஓக்பூன் கையில் கொடுத்தார். குனிந்து வணங்கிவிட்டுப் போனார். இடைவேளை இன்னும் கால் மணிதான் பாக்கி.

நாலு நாள் கழித்துப் புது மோட்டார் வந்தது, புதுப் போல்ட்டுகளோடு. அன்றிலிருந்து சூப்பில் ஓர் அலைகூட எழவில்லை.

இனி எல்லோரும் வெட்கப்படுவார்கள் என்று கில்மான் நினைத்தார். அக்டோபர் கூட்டத்தில் பாங்கைத் திரும்ப வேலைக்கு எடுப்பது என்று ஒரு தீர்மானம் வந்தது, 'பரிசீலிக்கலாம்' என்று அரை நிமிஷத்தில் போனது. அடுத்த தீர்மானத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது. குடியிருப்பின் பெயரை மாற்றுவது. அந்த அழகான சொல்லைப் பழுதோடு சேர்த்துப் புதைப்பானேன்? ஏகமனதாக நிறைவேறியது. நவம்பரில் சுவரில் தங்க எழுத்து ஏறியது: யுன்சுல் சொல்லெம். திறப்பு விழாவில் சொல் தந்தவருக்குக் கண்ணாடிக் கேடயம்.

மேடை, ஒலிபெருக்கி, தரகர்கள் கூட்டம். கில்மான் முந்தின வாரம் முழுக்க ஒரே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்திருந்தார். 'நாற்பத்தொரு இடத்தில் உண்மையை அடித்தவன் நான். அதை எழுதியவரின் வேலையும் என்னால் போனது.' எழுவாய், பயனிலை எல்லாம் சரியாக இருந்தது. கேடயத்தை வாங்கிக்கொண்டு ஒலிபெருக்கி முன் நின்றார். முழங்கால் இரண்டும் ஒன்றோடொன்று மோதின. தாடை ஆடியது. "நாற்ப… நாற்ப…" என்றார். கையில் கேடயம் கிடுகிடுத்தது.

தலைவி பாய்ந்து வந்து ஒலிபெருக்கியைப் பிடித்தார். "பாருங்க, பாருங்க! நம்ம வாத்தியாரய்யாவுக்கே சொல்லெம் வந்துடுச்சு!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அடங்கியபோது அவரைக் கைத்தாங்கலாக நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். கையில் யாரோ ஒரு துண்டு அரிசிக் கேக்கைத் திணித்திருந்தார்கள்.

*

மறுநாள் காலை ஒரு பெட்டி பேரிக்காயோடு கில்மான் நாலு தெரு தள்ளிப் போனார். ஓக்பூனிடம் எங்கே போகிறோம் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை, பெட்டியைக் கட்டக் கயிறு மட்டும் எடுத்துக் கொடுத்தாள்.

கூண்டு யுன்சுல் கூண்டைவிடச் சின்னது. பாங் எழுந்தார்.

"உட்காருங்க, உட்காருங்க. எந்திரிக்காதீங்க," என்றார் கில்மான். பேரிக்காய்ப் பெட்டியைத் தரையில் வைத்தார். இடுப்பு ஒடிகிற வரை குனிந்தார். "பாங் ஐயா, நான் பண்ணது தப்பு. நீங்க எழுதினதுல ஒரு பிழையும் இல்லை."

பாங்குக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சுவரைப் பார்த்தார், பேரிக்காயைப் பார்த்தார். "எதுக்குங்க வாத்தியாரய்யா இதெல்லாம்," என்றார். "பெரிய பழமா இருக்கே." பிறகு அவர் தொப்பியை எடுத்தார். "குப்பை வண்டி வந்துடுச்சு, பிரிச்சுப் போடணும். பத்து நிமிஷம் இருப்பீங்களா? இந்தப் பச்சைப் பொத்தானை அமுக்கினா கேட் திறக்கும். குடியிருப்புக்காரங்க வண்டிக்கு மட்டும் திறங்க."

"மன்னிச்சிட்டேன்" என்று அவர் சொல்வார் என்று கில்மான் எதிர்பார்த்திருந்தார். அது வரவில்லை. உட்கார்ந்தார். நாற்காலியின் ஒரு கால் குட்டை.

ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது. அது குடியிருப்புக்காரருடையதா இல்லையா என்று கில்மான் வண்டி நம்பரைச் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் தேடுவதற்குள் ஹாரன் மூன்று தடவை அலறியது. கண்ணாடி இறங்கியது. உள்ளே இருபத்தைந்து வயதுகூட ஆகாத ஒருவன்.

"யோவ் கிழவா, தூங்கறியா? கண்ணு தெரியலன்னா வீட்ல கிட!"

வாக்கியத்தில் மரியாதை விகுதி ஒன்றுகூட இல்லை. கில்மானின் நாக்கு நுனியில் திருத்தம் வந்து நின்றது. அதை விழுங்கிக்கொண்டு எழுந்து குனிந்து வணங்கினார், பச்சைப் பொத்தானை அமுக்கினார்.